அப்பா வைத்த முல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

அப்பா போய் எட்டு மாதமாகிறது. சாவு வீட்டில் எனக்கு அழுகையே வரவில்லை. போன வாரம், கொல்லையில் அவர் வைத்த முல்லை கொடி நிறையப் பூத்திருந்தது. பார்த்ததும் அப்படியொரு ஆத்திரம். அரும்பையெல்லாம் உருவிக் கீழே போட்டேன். அப்புறம், கல்லூரியில் படித்த 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' நினைவுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன்.

நெஞ்சுவலியை எங்களிடம் மறைத்துவிட்டார். நான்தான் கவனித்திருக்க வேண்டும். நானெல்லாம் ஒரு மகளா? சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் இந்த எண்ணம் விடவில்லை. இது மனநோயா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

உங்களை அழவைத்தது சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனாரின் பாட்டு, புறநானூறு 242. ஒல்லையூர் வீரன் சாத்தன் இறந்தபின் இளையோர் பூச்சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணனும் பாடினியும் சூடவில்லை. இனி யாருக்காகப் பூத்தாய் என்று முல்லையிடம் கேட்கிறார். செடி என்ன செய்யும்? ஆனால் கோபம் எங்காவது போய் விழ வேண்டுமே.

துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மெலன்கோலியா என்னும் ஆழ்ந்த மனச்சோர்வில் 'நான்' வெறுமையாகிறது என்று உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்ட் 1917-இல் வெளியான கட்டுரையில் எழுதினார். கீரத்தனாருக்கு வெறுமையானது ஒல்லையூர். தன்னை அவர் ஒரு சொல்கூடத் திட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் திட்டிக்கொள்கிறீர்கள். அப்படித் திட்டிக்கொள்பவரின் சொற்களைக் கூர்ந்து கேட்டால், பல நேரம் அவை போனவர் மேலுள்ள குறைதான் என்கிறது அதே கட்டுரை. "மறைத்துவிட்டார்" என்று எழுதிய கையோடு "நான்தான் கவனித்திருக்க வேண்டும்" என்கிறீர்கள். இரண்டு வரிக்கும் நடுவில் அப்பா மேல் ஒரு கோபம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒப்பாரியில் "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று செத்தவரையே கேட்பார்கள். அன்று உங்களுக்கு அது வாய்க்கவில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது துக்கம்தான். எட்டு மாதம் ஒன்றும் அதிகமில்லை. ஃபிராய்டின் மகள் சோஃபி 1920-இல் இறந்தார். ஒன்பது ஆண்டு கழித்தும், இழந்தவருக்கு ஈடு எதுவும் கிடைக்காது என்றுதான் ஃபிராய்ட் தன் நண்பருக்கு எழுதினார். சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, உயிரை விடத் தோன்றினாலோ, உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இப்போதைக்கு அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?" என்று தொடங்கலாம். மரியாதை பார்க்க வேண்டாம்.