கேட்டது கூலி

கேள்வி: ஊர் ஊராகச் சுற்றிய கால்பந்துப் பயிற்சியாளர் பேலா குட்மான், பணத்தாசை நிறைவேறாத கோபத்தில், ‘இன்னும் நூறு ஆண்டுகளுக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடைக்காது’ என்று போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பைச் சபித்தாராமே, அந்தச் சாபத்தை நீங்கள் நம்புகிறீர்களா?

பதில்: சாபம் இருக்கட்டும்; உங்கள் கேள்வியில் என்னைத் தைத்தது ‘பணத்தாசை’ என்ற சொல். செய்த வேலைக்குக் கூலி கேட்பவரை ஆசைக்காரர் என்று அழைக்கும் வழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன். இளம் வயதில் நான் பணிபுரிந்த ஒரு பத்திரிகையில், மெய்ப்புத் திருத்தும் பெரியவர் ஒருவர் மூன்று மாதச் சம்பள பாக்கியைக் கேட்டு நின்றார். ‘உங்களுக்குத் தமிழ்மேல் பற்று என்றல்லவா நினைத்தேன்’ என்றார் முதலாளி. பெரியவர் சிவப்பு மைப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் தம் மேசைக்குத் திரும்பினார். குட்மானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேனா என் கண்முன் வருகிறது. ஒரு வேறுபாடு, குட்மான் பேசாமல் திரும்புகிறவர் அல்லர்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஹங்கேரி அணியில் அவர் ஆட்டக்காரர். ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகளே மிகுதியாகச் சென்றிருந்தார்கள். தங்கவைத்த விடுதியிலோ எலித் தொல்லை. பிடித்துக் கொன்ற எலிகளை அதிகாரிகளின் அறைக் கதவுகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் ஆட்டக்காரர்கள். அதற்குப் பிறகு தாய்நாட்டு அணியில் அவர் ஆடவில்லை.

‘சுற்றிய’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் விரும்பித்தான் சுற்றினாரா? 1899இல் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அங்கே யூத வெறுப்பு மூண்டபோது வியன்னாவுக்குப் போய் ஹகோவா அணியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் ஆடிச் சேர்த்த பணம் 1929 பங்குச் சந்தைச் சரிவில் போயிற்று. போர்க்காலத்தில் புடாபெஸ்டை அடுத்த உய்பெஷ்டில் ஒரு பரணில் ஒளிந்திருந்தார். கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டு, 1944 இறுதியில் எர்னோ எர்ப்ஸ்டைன் என்ற இன்னொரு பயிற்சியாளருடன் தப்பினார். தந்தையையும் சகோதரியையும் நாஜிகள் கொன்றார்கள். போர் முடிந்து ருமேனியாவில் ஓர் அணிக்குப் பயிற்சியளிக்கச் சென்றபோது, பணமாக வேண்டாம், காய்கறியும் உணவுப் பொருளுமாகச் சம்பளத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். பசியையும் பணம் மதிப்பிழப்பதையும் அறிந்தவர் கூலியைக் கறாராகக் கேட்டதை ஆசை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஏசி மிலான் 1955இல் அவரை வேலையிலிருந்து நீக்கியபோது, அணி இத்தாலிய லீகில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பருவத்தின் பட்டத்தையும் மிலானே வென்றது. பட்டியலில் அணி முதலிடத்தில் இருக்கும்வரை தம்மை நீக்கக்கூடாது என்ற விதியைப் பிறகு தம் ஒப்பந்தங்களில் எழுதச் சொன்னார். சூடுபட்டவர் வேறென்ன செய்வார்? 1957இல் சாவ் பாவ்லோவுக்கு மாநிலப் பட்டம், 1959இல் போர்ட்டோவுக்கு லீக் பட்டம் என்று வென்று கொடுத்துவிட்டு பென்ஃபிகாவுக்கு வந்தார்.

அங்கே அவர் செய்ததைச் சொல்கிறேன். மொசாம்பிக்கிலிருந்து யூசேபியோ என்ற இளைஞரை வரவழைத்தார். 1961இல் பெர்னில் பார்சலோனாவை 3-2 என்று வென்று முதல் ஐரோப்பியக் கோப்பை. 1962 மே 2 அன்று ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டாவது. இடைவேளையில் ரியல் 3-2 என்று முன்னிலை. மூன்று கோலும் ஹங்கேரியில் குட்மானிடம் பயிற்சி பெற்ற புஷ்காஷ் அடித்தவை. இரண்டாம் பாதியில் பென்ஃபிகா மூன்று கோல் போட்டது, அவற்றில் இரண்டு யூசேபியோவுடையவை. ஆட்டம் 5-3 என்று முடிந்தது. இதற்குக் குட்மான் ஊக்கத்தொகை கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று நிர்வாகம் மறுத்துவிட்டதாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் விலகி உருகுவேயின் பெனியரோலுக்குப் போனார்.

இனி சாபம். அதன் பிறகு எட்டு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் பென்ஃபிகா தோற்றது உண்மை. 1990இல் இறுதிப் போட்டி வியன்னாவில் நடந்தபோது, 1981இல் அங்கே மறைந்த குட்மானின் கல்லறையில் யூசேபியோ வேண்டிக்கொண்டார் என்பார்கள். அன்றும் ஏசி மிலானிடம் 1-0 என்று தோல்வி. ஆனால் 1965 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: எதிரணியான இன்டர் மிலானின் சொந்த மைதானத்தில் ஆட்டம், நடுவில் பென்ஃபிகாவின் கோல்கீப்பர் காயமுற்று வெளியேற, மாற்று ஆள் இறக்க விதி இடம் தராததால், தடுப்பாட்டக்காரர் ஜெர்மானோ கோல் காத்தார். 0-1 என்று தோற்றதற்கு இந்தக் காரணங்கள் போதாவா? சாபம் என்று சொல்லிவிட்டால், இரண்டு கோப்பை வென்று கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்பிய நிர்வாகிகளை யாரும் கேள்வி கேட்பதில்லை; பழி முழுவதும் கூலி கேட்டவர் தலையில் விழுகிறது.

கிளப் அழிய வேண்டும் என்று நினைத்தவர் 1965இல் அதே பென்ஃபிகாவுக்குத் திரும்பி வந்து ஒரு பருவம் பயிற்சியளித்திருப்பாரா? உங்களுக்குச் சாபக் கதையைச் சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பென்ஃபிகாவின் லூஸ் மைதானத்தில் 2014இல் குட்மானுக்குச் சிலை வைத்தார்கள். அதன் இரு கைகளிலும் ஐரோப்பியக் கோப்பைகள் இருக்கின்றன.