கன்சல்டன்ட் ஆகச் சொல்கிறார்கள்... கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். ஒயிட்ஃபீல்டில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் 4 ஆண்டு 7 மாதமாக டெஸ்டர் வேலை. சி.டி.சி. (நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 12 லட்சம், பேசிக் மாதம் 50,000. "ரிசைன் பண்ணிட்டு கன்சல்டன்ட்டா வாங்க. மாதம் ஒரு லட்சம், நிரந்தரமா வீட்டிலிருந்தே வேலை, வரியும் மிச்சம்" என்கிறார் ஹெச்.ஆர். ஏற்கலாமா?

பதில்: இந்தத் தொகைக்கு வேண்டாம். எந்தத் தொகைக்கும் அடுத்த ஐந்து மாதத்துக்கு வேண்டாம்.

முதலில் அந்த ஐந்து மாதம். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு முடித்திருக்க வேண்டும். கடைசி பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்கினால் உங்களுக்கு வருவது சுமார் 1,44,230 ரூபாய். இன்று ரிசைன் செய்தால் சைபர். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. பெங்களூரில் உட்கார்ந்து அதை நம்பிக் கடிதம் கொடுப்பது வீண் ரிஸ்க்.

அடுத்து, கையில் வரும் பணம். முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால், உங்கள் பங்கு 6,000, சி.டி.சி.க்குள்ளேயே இருக்கும் நிறுவனப் பங்கு 6,000, பணிக்கொடை ஒதுக்கீடு சுமார் 2,400, தொழில் வரி 200. இவை போக இப்போது 85,000 சொச்சம் வரும். கன்சல்டன்ட்டுக்கு 10% டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) போக 90,000. ஐயாயிரம் லாபம் போலத் தெரிகிறதே, அதில்தான் ஏமாறுவோம். மாதம் 12,000 பி.எஃப். சேர்வது நின்றுபோகிறது.

"வரி மிச்சம்" என்பது உங்கள் விஷயத்தில் வெறும் பேச்சு. 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்லும் உத்தேச வருமானத் திட்டத்தில், ஐ.டி. தொழில்முறையாளர் வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டலாம். நல்ல சலுகைதான். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கே வரி இல்லை. இரண்டு வழியிலும் உங்கள் வரி பூஜ்யம். வித்தியாசம் ஒன்றுதான்: டி.டி.எஸ்.ஸில் பிடித்த 1.2 லட்சம், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை முடங்கிக் கிடக்கும். 20 லட்சம் சம்பளம் வாங்குபவருக்குக் கதை வேறு. சம்பளமாக வந்தால் வரி சுமார் 1.92 லட்சம், கன்சல்டன்ட் என்றால் பூஜ்யம். அந்த 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் 18 சதவீதமும் வந்து நிற்கும்.

சரி, எவ்வளவு கேட்கலாம்? வேலை செய்யாத நாளுக்குக் காசு இல்லை என்றால், 18 நாள் லீவும் 10 பண்டிகை விடுமுறையும் சேர்ந்து 28 நாள். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று பார்த்தால் 1.27 லட்சம் போச்சு. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 30,000 என்று வையுங்கள். 75,000 ரூபாய் லேப்டாப்பை மூன்றாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 25,000. இன்டர்நெட், யு.பி.எஸ். 18,000, ஆடிட்டருக்கு 10,000. ஒப்பந்தம் நின்று அடுத்தது கிடைக்கும்வரை ஒரு மாத வருமானம், ஒரு லட்சம். கூட்டினால் 3.1 லட்சம். மாதம் 1.25 லட்சத்துக்குக் கீழே இறங்காதீர்கள். காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டு வரை போகலாம்.

இன்னொன்று, பெயரை மாற்றினால் ஊழியர் கன்சல்டன்ட் ஆகிவிட மாட்டார். சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் (1973) தையல்காரர்களுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. சிலர் துணியை வீட்டுக்குக் கொண்டுபோயும் தைத்தார்கள். ஆனால் கடையில் தைத்த மெஷின் முதலாளியுடையது. சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. அவர்கள் ஊழியர்களே என்றது உச்ச நீதிமன்றம். காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங், மேனேஜரிடம் லீவு அனுமதி, கம்பெனி லேப்டாப், வேறு வேலை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அப்படியே தொடர்ந்தால் உங்கள் நிலையும் அதுதான். வருமான வரித் துறையும் இதைச் சம்பளம் என்று கருதி 44ஏடிஏ-வை மறுக்கலாம்.

நிறுவனம் நிரந்தர ஆள் வேண்டாம் என்று மட்டும் நினைத்தால், குறிப்பிட்ட கால ஊழியராக எடுக்கச் சொல்லிப் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அவர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு.

கன்சல்டன்ட்தான் என்று முடிவானால், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். அதன்பின் பில் தொகை 45 நாளுக்குள் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. ஒப்பந்தத்தில் நஷ்டஈட்டுப் பிரிவைத் தேடிப் படியுங்கள். உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லையென்றால், மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் இல்லை என்று எழுத வையுங்கள். நோட்டீஸ் காலம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். விலகிய பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற வரியைப் பார்த்து மிரள வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது.

பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண்ணோடு பெற்றுக்கொண்டதாக மெயில் வாங்குங்கள். அது வராமல் கடைசி செட்டில்மென்ட் இழுபட்ட கேஸ்கள் நிறைய.