டின்னுக்குள்ள இருந்த கறி எங்கேர்ந்து வந்துச்சு?

கேள்வி: முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க பதுங்குகுழியில டின் மாட்டுக்கறிதான் சாப்பிட்டாங்கன்னு படிச்சேன். அவ்ளோ கறி ஏதுங்க? இங்கிலாந்துல அத்தனை மாடு இருந்துச்சா?
- வாசகி, தேனி

பதில்: அதுல நிறைய தென் அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்ததுங்க. முக்கியமா உருகுவே ஆத்தங்கரையில இருக்கிற ஃப்ரே பென்டோஸ்ங்கிற சின்ன ஊரு. அந்தப் பக்கம் எங்க பார்த்தாலும் மேய்ச்சல் நிலம், மாடு ஏராளம், ஆனா திங்க ஆள் கம்மி, குளிர்சாதனக் கப்பலும் வராத காலம், அதனால தோலுக்காக அறுத்துட்டு கறியை நிறைய வீணா விட்டுடுவாங்க. லீபிக்ங்கிற ஜெர்மன் வேதியியல் விஞ்ஞானி கறியை காய்ச்சி சுண்ட வெச்சு சாறெடுக்குற வழிய சொல்லியிருந்தார், அதை வெச்சு 1865ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சு இந்த ஊர்ல ஃபேக்டரி நடத்துனாங்க. ஒரு கிலோ சாறுக்கு சுமார் 30 கிலோ கறி வேணும், மாடு மலிவா கிடைக்கிற இடத்துலதானே அது கட்டுப்படியாகும்! அப்புறம் கறியையே உப்புல ஊற வெச்சு வேக வெச்சு டின்ல அடைக்க ஆரம்பிச்சாங்க, அதான் கார்ன்டு பீஃப். கார்ன்னு சொன்னாலும் சோளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பழைய ஆங்கிலத்துல அது கல்லுப்பு மணிய குறிக்குற சொல்லு.

போர் ஆரம்பத்துல சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு பச்சைக்கறின்னா ஒன்னேகால் பவுண்டு, டின் கறின்னா ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். முன்வரிசையில அடுப்பு பத்த வெச்சா புகை காட்டிக் குடுத்துடும், அங்க டின்தான் கை குடுத்துச்சு. 1917ல ஒரு பிரிட்டிஷ் டாங்கிக்கே ஃப்ரே பென்டோஸ்னு பேர் வெச்சிருந்தாங்க, உள்ள இருக்கிறவங்க டின்ல அடைச்ச கறி மாதிரி இருக்காங்கன்னு. அந்த டாங்கி சேத்துல மாட்டி ரெண்டு நாளுக்கு மேல ஆளுங்க உள்ளயே கிடந்தாங்க, நினைச்சாலே மூச்சு முட்டுது. ரெண்டாம் உலகப்போர்லயும், 1943 ஒரே வருஷத்துல மட்டும் 1 கோடியே 60 லட்சம் டின் அந்த ஊர்லேர்ந்து போச்சு. 1979ல ஃபேக்டரிய மூடிட்டாங்க, 2015ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாயிடுச்சு.

கேள்வி: அப்போ அந்தப் போர்ல இருந்த இந்திய சிப்பாய்ங்க என்ன சாப்பிட்டாங்க?
- வாசகர், மதுரை

பதில்: மாட்டுக்கறி டின்னை பெரும்பாலான இந்துக்களும் சீக்கியர்களும் தொட மாட்டாங்க, முஸ்லிம்களுக்கு ஹலால் பண்ணதா இருக்கணும். அதனால பிரான்ஸ்ல அவங்களுக்கு உசுரோட ஆடு கொண்டுவந்து தனித்தனியா அறுத்து தனித்தனியா சமைச்சாங்க. கறி எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதோட யார் எப்படி அறுத்தாங்கங்கிறதும் அவங்களுக்கு முக்கியம்.

ஆனா இப்போ ஈராக்ல இருக்கிற கூட் நகரத்துல நடந்ததுதான் என் மனச விட்டு போகவே மாட்டேங்குது. அங்க இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படையை 1915 டிசம்பர்ல துருக்கிப் படை சுத்தி வளைச்சிடுச்சு, வெளியிலேர்ந்து சாப்பாடு வராம குதிரைய அறுக்க ஆரம்பிச்சாங்க. பிரிட்டிஷ்காரங்க சாப்பிட்டாங்க, இந்தியர்கள்ல ரொம்பப் பேர் மாட்டேன்னுட்டாங்க. இந்தியாவுலேர்ந்து மதத் தலைவர்கள் சாப்பிடலாம்னு சொல்லி அனுப்புன பிறகும், ஊர்ல ஒதுக்கி வெச்சிடுவாங்களோன்னு பயம் போகல. வயக்காட்டுல முளைச்ச கீரையை பறிச்சு வேக வெச்சு தின்னாங்க. ஏப்ரல்ல மாவும் தீரப் போற நிலைமை வந்தப்புறம்தான் நிறைய பேர் குதிரைக்கறிய வாயில வெச்சாங்க, அதுக்குள்ள ஈறு வீங்கி ரத்தம் வர்ற ஸ்கர்வி பலருக்கு முத்திடுச்சு. 1916 ஏப்ரல் 29ல படை சரணடைஞ்சப்போ, அந்த உடம்போடதான் அவங்க கைதியா பாலைவனத்துல நடந்தாங்க.