ஓணத்துக்கு வாங்கவா, செப்டம்பர் வரை பொறுக்கவா?

ஐபோன் 18 வரிசையைப் பற்றித் தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டோம். ஆப்பிள் வாய் திறக்கும்வரை எதுவும் உறுதியில்லை. ஆனாலும் கசியும் செய்திகளில் காசு மிச்சம் பிடிக்க உதவுபவை சில உண்டு.

கேள்வி (களியக்காவிளை): ஓணத் தள்ளுபடியில் பாறசாலைக் கடையில் ஐபோன் 17 எடுக்கலாம் என்றிருக்கிறேன். "செப்டம்பரில் 18 வந்தால் இது பத்தாயிரம் இறங்கும், அவசரப்படாதே" என்கிறார் அத்தான். பொறுக்கலாமா?

பதில்: அத்தான் காற்றில் சொல்லவில்லை. 2023-ல் ஐபோன் 15 அறிவிக்கப்பட்டதும் ஐபோன் 14-ன் விலையை 79,900 ரூபாயிலிருந்து 69,900-க்கு ஆப்பிள் இறக்கியது. 2024-ல் 16 வந்தபோது 15-க்கும், 2025-ல் 17 வந்தபோது 16-க்கும் அதே பத்தாயிரம் குறைந்தது. 2025-ல் திருவோணம் செப்டம்பர் 5, ஐபோன் 17 அறிவிப்பு செப்டம்பர் 9. அந்த ஓணத்துக்கு 16-ஐ முழு விலையில் வாங்கியவருக்கு நான்கே நாளில் பத்தாயிரம் கை நழுவியது.

ஆனால் 2026-ல் அந்தக் கணக்கு அப்படியே பலிக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். செப்டம்பரில் 18 புரோ, 18 புரோ மேக்ஸ், மடிக்கும் ஐபோன் ஆகியவை மட்டுமே வரும், சாதாரண 18 அடுத்த ஆண்டின் முதல் பாதிக்குத் தள்ளிப்போகிறது என்பதுதான் இப்போது பரவலாக அடிபடும் செய்தி. 14, 15, 16 மூன்றுமே அதே வகையில் அடுத்த சாதாரண மாடல் வந்து இடத்தைப் பிடித்தபோதுதான் விலை இறங்கின. செப்டம்பரில் சாதாரண 18 வரவில்லை என்றால், 17-ன் விலையில் கைவைக்க ஆப்பிளுக்கு அவசரமே இல்லை. வதந்தி பொய்த்தால் குறையும், மெய்யானால் குறையாமல் போகலாம். இதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெமரி சிப் செய்பவர்கள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான சரக்குக்கு முதலிடம் கொடுக்கத் தொடங்கியதால், 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறியிருக்கிறது. அந்தச் சுமை போன் விலையிலும் விழுகிறது. "பொறுத்தால் மலிவு" என்பது எப்போதும் நடக்கும் காலம் இது இல்லை.

ஆகவே சாதாரண 17 போதும் என்றால் ஓணத்துக்கே எடுங்கள். ஆனால் கடை வாசலில் தொங்கும் விலையை நம்பி நுழையாதீர்கள். கார்டு கேஷ்பேக், பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் எல்லாம் கழித்த பிறகு வரும் தொகையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். பில்லில் எவ்வளவு, எந்த வங்கிக் கார்டுக்கு எவ்வளவு, போனஸ் போகப் பழைய போனுக்கு மட்டும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். வட்டியில்லாத் தவணை என்றால், பிராசசிங் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டா என்பதையும் கேளுங்கள். வட்டியைத் தள்ளுபடியாகத் திருப்பித் தந்தாலும், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியை வங்கி வாங்கிக்கொள்ளும்.

புரோதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் கட்டாயம் பொறுங்கள். புது புரோ வந்ததும் பழைய புரோவைத் தன் கடையில் விற்பதை ஆப்பிள் நிறுத்திவிடும். 2025-ல் 16 புரோவுக்கு அதுதான் நடந்தது. விலைக்குறைப்பு அறிவிப்பு எதுவும் வராது, ஆனால் கடைக்காரர்கள் கையிருப்பைத் தள்ளிவிடப் பேரம் பேசுவார்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): யூடியூபில் டாலர் விலை சொல்கிறார்கள். 88-ஆல் பெருக்கிப் பார்த்தால் மலிவாகத் தெரிகிறது. இங்கே ஏன் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை?

பதில்: அமெரிக்காவில் சொல்லும் விலையில் அங்குள்ள மாநில விற்பனை வரி சேராது. இங்கே எழுதும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். எனவே டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, வந்ததை 1.18-ஆல் பெருக்குங்கள். ஐபோன் 17-ன் விலை 799 டாலர். அறிவிப்பு நாளில் டாலர் 88 ரூபாய் அளவில் இருந்தது. பெருக்கினால் 82,968. இந்தியாவில் வைத்த விலை 82,900.

புரோவுக்கு இந்தக் கணக்கு உதவாது. 17 புரோ 1,099 டாலர். அதே முறையில் 1,14,120 வர வேண்டும், வைத்ததோ 1,34,900. ஏறக்குறைய இருபதாயிரம் கூடுதல். 18 புரோவின் டாலர் விலை கசிந்தால், 1.18-ஆல் பெருக்கியதோடு நிறுத்தாமல் அந்த இருபதாயிரத்தையும் கூட்டிப் பட்ஜெட் போடுங்கள்.

கேள்வி (கொல்லங்கோடு, குமரி மாவட்டம்): தம்பி துபாயில் இருக்கிறான். 18 புரோ வந்ததும் அங்கேயே வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன் என்கிறான். வாங்கச் சொல்லலாமா?

பதில்: வளைகுடாவிலிருந்து போன் வருவது நம் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் 2025 முதல் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17 வரிசையில் சிம் போடும் தட்டே கிடையாது, முழுக்க இ-சிம் (போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம்). இந்தியாவில் விற்ற 17, 17 புரோ இரண்டிலும் தட்டு உண்டு (ஐபோன் ஏர் மட்டும் எல்லா நாட்டிலும் இ-சிம்தான்). 18-ம் அங்கே அப்படியே வரும் என்று வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள்.

இ-சிம் இங்கே வேலை செய்யும். ஜியோ என்றால், புது போனில் *#06# அழுத்தி 32 இலக்க ஈஐடி (இ-சிம்மின் அடையாள எண்) எண்ணையும் 15 இலக்க ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய போனிலிருந்து, ஆங்கிலத்தில் GETESIM என்று ஒரே சொல்லாகத் தட்டி, அந்த இரண்டு எண்களையும் சேர்த்து 199-க்கு அனுப்ப வேண்டும். ஏர்டெல் என்றால் eSIM என்று தட்டி, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து 121-க்கு. பலர் இடறுவது மின்னஞ்சலில்தான்: கணக்கில் மின்னஞ்சலே பதிவாகியிருக்காது, அல்லது யாரோ கடைக்காரர் தன்னுடையதைப் போட்டிருப்பார். அதை முதலில் சரிபார்த்துவிடுங்கள். மாற்றும்போது புது போனில் வைஃபை வேண்டும். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி தடைபடலாம் என்பதால், வங்கி ஓடிபி தேவைப்படும் நாளில் இதைத் தொடாதீர்கள். இ-சிம் கியூஆர் கோடை அனுப்பச் சொல்லி யார் அழைத்தாலும் கொடுக்கக் கூடாது. அது போனால் உங்கள் எண்ணே போய்விடும்.

திரை உடைந்தால் சிம்மைக் கழற்றி வீட்டிலுள்ள பழைய போனில் போடும் வசதி இனி இருக்காது. அடிக்கடி கடலுக்குப் போகிறவர், போன் நனையும் தொழில் செய்கிறவர் என்றால் இந்தியப் போனே நல்லது. உத்தரவாதத்திலும் ஒரு சிக்கல்: ஐபோன் சேவையை முதலில் விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஆப்பிள் தன் விதியில் வைத்திருக்கிறது. சுங்க வரியையும் கூட்டிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் இருபதாயிரத்துக்கு மேல் மிச்சமானால் மட்டும் தம்பியை வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (செங்கோட்டை): "பிஐஎஸ் சான்று கிடைத்துவிட்டது, இரண்டு வாரத்தில் அறிமுகம்" என்று செய்தி வருகிறது. நம்பலாமா?

பதில்: இந்தியாவில் விற்கும் போன்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் (பிஐஎஸ்) பதிவாக வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பது மாடல் எண். இந்தியாவுக்கு வரப்போகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். தேதியோ விலையோ அதில் இருக்காது, "இரண்டு வாரம்" என்பது செய்தி எழுதியவர் சேர்த்தது.

பேட்டரி பற்றிய கசிவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சான்றுப் பதிவுகளில் குறைந்தபட்சக் கொள்ளளவை எழுதுவார்கள், விளம்பரத்தில் சராசரிக் கொள்ளளவு வரும். சாம்சங் எஸ்24 அல்ட்ராவுக்குப் பதிவில் 4,855, விளம்பரத்தில் 5,000 மில்லி ஆம்பியர் மணி. இரண்டும் ஒரே பேட்டரிதான். "பேட்டரியைக் குறைத்துவிட்டார்கள்" என்ற பாதி வதந்தி இப்படிப் பிறக்கிறது.

வேகச் சோதனை மதிப்பெண்களை ஒதுக்கிவிடலாம். அறிமுகத்துக்கு முந்தைய சோதனைப் போன்களில் மென்பொருள் வேலை முடிந்திருக்காது, போலியாக ஏற்றவும் முடியும். உள்பாகங்கள் பற்றிய செய்தி கடைசி நேரத்தில் மாறும்: 2023-ல் ஐபோன் 15 புரோவுக்கு அசையாத பொத்தான்கள் வரும் என்று பல மாதம் பேசினார்கள், வந்தது வழக்கமான பொத்தான்தான். வெளி வடிவம் பற்றிய கசிவுகளோ பெரும்பாலும் தப்புவதில்லை. 17 புரோவின் பின்புறம் முழு அகலத்துக்கு வந்த கேமரா மேடு மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): பொள்ளாச்சியில் ஒரு கடையில் இன்னும் அறிவிக்காத போனுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். முதல் நாளே தருவார்களாம். தமிழ்நாட்டில் வாங்கினால் வரியும் குறைவா?

பதில்: வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான், 18 சதவீதம். கேரளத்தில் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை 1 சதவீத வெள்ள நிவாரணச் செஸ் கூடுதலாக இருந்தது. "கேரளத்தில் விலை கூட" என்ற பேச்சு அதன் மிச்சமாக இருக்கலாம். இப்போது அது இல்லை. இந்தியாவில் வாங்கிய போனுக்கு எந்த மாநிலத்திலும் அங்கீகரித்த மையத்தில் உத்தரவாதச் சேவை கிடைக்கும்.

முன்பணம் கொடுக்காதீர்கள். விலையும் நிறமும் தெரியாத பொருளுக்குக் கடைக்காரர் எந்த உறுதியும் தர முடியாது. ஆப்பிள் அறிவித்த சில நாளில் முன்பதிவு தானாகத் திறக்கும், அப்போது கட்டலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், மாடல், சேமிப்பளவு, நிறம், தர வேண்டிய கடைசி நாள், "தராவிட்டால் முழுப் பணமும் திரும்ப" என்ற வரி ஆகியவற்றோடு கடை முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி மட்டும் போதாது. போன் கைக்கு வரும் நாளில் பெட்டி, பில், *#06# மூன்றிலும் ஐஎம்இஐ ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள்.

பணம் திரும்பவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை பொள்ளாச்சியில் இருந்தாலும் பாலக்காட்டில் மனு கொடுத்தால் போதும், எல்லை தாண்டி அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. அந்த முத்திரை ரசீதின் நகலை மனுவோடு இணையுங்கள், அசலைப் பத்திரமாக வைத்திருங்கள்.