நல்ல அறையில் சாமான், வெக்கை அறையில் நீங்கள்!

கேள்வி: நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசி மாடியில், வாடகைக்கு. ஹாலும் பெரிய படுக்கையறையும் மேற்கு பார்த்தவை, தெருப்பக்கம். ராத்திரி 11 மணி வரை அனல் அடங்குவதில்லை. வண்டிச் சத்தத்தில் தூக்கமும் கெடுகிறது. பின்பக்கம் கிழக்கில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறோம், துணியும் அங்கேதான் காய்கிறது. பக்கத்திலுள்ள குளியலறையில் அடிக்கடி சாக்கடை நாற்றம் வேறு. கனமான திரைச்சீலை, புது சோபா எல்லாம் வாங்கிப் பார்த்தோம், வித்தியாசமே இல்லை. சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் விடமாட்டார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தச் சின்ன அறையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டிலேயே நல்ல அறை அதுதான். காலை வெயில் சீக்கிரம் விலகிவிடும், தெருவும் அந்தப் பக்கம் இல்லை. அதைப் பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கச் சூடேறிய பெரிய அறையில் நீங்கள் படுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரியது என்றால் படுக்கையறை, சின்னது என்றால் சாமான் அறை என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. சாமான்களை மேற்கு அறைக்கு மாற்றுங்கள். கட்டில் நுழையாவிட்டால் மெத்தையை மட்டும் கொண்டுபோய் ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

அடுத்தது வெக்கை. உங்களுக்கு அது இரண்டு வழியாக வருகிறது: மேற்குப் பக்கம், கூரை. மாலை 5 மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் இரவு 10 மணிக்கு ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேனை நிறுத்திவிட்டு!). கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். அதனால்தான் வெயில் போன பிறகும் வீடு கொதிக்கிறது.

ஜன்னல் விஷயத்தில் பலரும் செய்கிற தவறைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் கனமான திரையைத்தான் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் விழுந்துவிட்டால், திரை சூடாகும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே பரவும். ஒளியை உள்ளே விடுகிற அதே கண்ணாடி, சூடான பொருள்களிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. ஆகவே நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். தட்டியோ நிழல்வலையோ போதும். ஜன்னல் கம்பியிலோ பால்கனிக் கைப்பிடியிலோ கயிற்றால் கட்டலாம், ஆணியே வேண்டாம். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், சூடான காற்று மேலே போக வழி கிடைக்கும். காற்றில் பிய்த்துக்கொண்டு கீழே யார் தலையிலும் விழாதபடி கட்டுவது முக்கியம். முகப்பில் எதையும் கட்டக்கூடாது என்று குடியிருப்பில் விதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரைக்கு உங்களால் உள்ளே இருந்து பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதுதான் வழி. உரிமையாளரிடம் ‘எங்களுக்கு வேகிறது’ என்று சொன்னால் அசைய மாட்டார். தளம் தினமும் விரிந்து சுருங்குவது குறையும், வெடிப்பு விழும் வாய்ப்பும் குறையும் என்று சொல்லிப் பாருங்கள். கட்டடம் அவருடையதல்லவா!

ஜன்னல்களை எப்போது திறப்பது? உள்ளே இருப்பதைவிட வெளியே குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும். உச்சி வெயிலில் ‘காற்று வரட்டும்’ என்று திறந்தால் வருவது அனல்தான். பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியதும் கிழக்கு ஜன்னலையும் நடுவிலுள்ள கதவுகளையும் திறந்துவிட்டு, மேற்கு ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்தபடி ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் சூடான காற்றை அது தள்ளத் தள்ள, கிழக்கிலிருந்து புதுக் காற்று வரும். சாதாரணமாக ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆற்றி நம் உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுற்றுவதால் மோட்டார் சூடுதான் மிச்சம். ஏசி வாங்குவதானால் நிழல் கட்டிய பிறகு வாங்குங்கள், சின்னதே போதுமானதாக இருக்கலாம்.

சத்தம் இடுக்கு வழியாக வரும். கணக்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: ஒரு கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்காக இருந்தால், மீதிப் பலகை எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியிலிருந்து கதவைச் சுற்றி டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் தெரிகிற இடத்தில் ஒட்டும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். நகரும் ஜன்னலாக இருந்தால் ஓரத்துப் பட்டை தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். முட்டை அட்டை, நுரைப் பஞ்சு இவையெல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கலாம், தெருவை நிறுத்தாது. வாங்க வேண்டாம்.

இனி குளியலறை. அதைத் தினமும் பயன்படுத்துவதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். தரைச் சல்லடைக்குக் கீழே வளைவான ஓர் இடத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். குழாயிலிருந்து வாயு மேலே வராமல் தடுக்கிற பூட்டு அது. நாள்கணக்கில் தண்ணீர் விழாவிட்டால் வற்றி, பூட்டு திறந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியும் நாறினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

துணி காயப்போடுவதை மட்டும் அந்தச் சின்ன அறையை விட்டு வெளியேற்றிவிடுங்கள். ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கும். மூடிய அறையில் அது பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணமாகத் தலைகாட்டும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள்.

புது சோபா மேற்குச் சுவரை ஒட்டிக் கிடக்கிறதா? எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டு, நாளை மாலை உட்கார்ந்து பாருங்கள்.