பாவித்த சிறிய ஜெட்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வளைகுடாவில் தனியார் ஜெட்களின் பராமரிப்புப் பொறியியலாளராக வேலை செய்துவிட்டு இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். பாவித்த சிறிய ஜெட் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதினீர்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

திருநெல்வேலியில் இருந்து ஒரு வியாபாரி: அண்ணை, நானும் கனடாவில் இருக்கிற மச்சானும் சேர்ந்து பாவித்த லைட் ஜெட் ஒன்று வாங்க யோசிக்கிறோம். சென்னை, திருச்சி, கொழும்பு ஓட்டம்தான். சைட்டேஷன் சிஜே3 நல்லதா, பீனம் 300 நல்லதா?

இரண்டும் நல்ல விமானங்கள். ஆனால் மொடலைப் பார்க்க முதல் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியின் ஓடுபாதையைப் பாருங்கள். பழைய ஓடுபாதை ஏறத்தாழ 2,300 மீற்றர். 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் பயணிகள் விமானம் இறங்குவதற்காகச் சீர்செய்யப்பட்டது அதில் 1,400 மீற்றர் அளவுதான். நீங்கள் கணக்குப் போடும் நாளில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டிருக்கும் நீளத்தையே எடுங்கள். இங்கே 1,400 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வாடகைக்குப் பறக்கும் ஜெட் ஒன்று, இருக்கும் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. 1,400 இல் 60 சதவீதம் 840 மீற்றர். சிஜே3 இன் விளம்பரத் தாளில் அதியுச்ச இறங்கும் எடைக்குப் போட்டிருக்கும் இறங்கும் தூரம் 844 மீற்றர். நாலு மீற்றரில் தவறுகிறது! எடையைக் குறைத்தால் உள்ளே வந்துவிடும், சரி. ஆனால் ஓடுபாதை ஈரமாக இருந்தால் தேவையான தூரத்தோடு இன்னும் 15 சதவீதம் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது 730 மீற்றர்தான். பீனம் 300 இன் பிந்திய வடிவமான 300ஈ இக்கு 674 மீற்றர் என்று போட்டிருக்கிறார்கள். அது மழையிலும் தாங்கும். சொந்தப் பாவனைக்குப் பறந்தால் இந்த 60 சதவீத விதி பல இடங்களில் கட்டாயமில்லை. என் குடும்பம் அதில் இருந்தால் நான் அதைக் கட்டாயமாகத்தான் வைத்திருப்பேன்.

அதே கேள்வியின் தொடர்ச்சியாக உரும்பிராயில் இருந்து ஒரு தம்பி: சிஜே3 கிளம்ப 970 மீற்றர் போதும் என்று போட்டிருக்கிறார்களே, 1,400 தாராளம் இல்லையா?

அந்த எண் கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பநிலையில் எடுத்தது. பலாலி கடல்மட்டத்தோடுதான் இருக்கிறது, அது நமக்கு இலாபம். ஆனால் சித்திரை வைகாசி மத்தியானத்தில் 15 பாகை எங்கே கிடைக்கும்? சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினின் தள்ளுவிசையும் குறையும், இறக்கையின் தூக்கலும் குறையும், ஓடவேண்டிய தூரம் நீளும். விமானக் கையேட்டில் 35 பாகைக்கான வரியைப் பாருங்கள். சென்னைக்கு மட்டும் எரிபொருள் போட்டால் எடை குறைவு, பிரச்சினை வராது. சிங்கப்பூருக்கு நிறைய எரிபொருளோடு கிளம்பும் நாளில்தான் கணக்கு இறுகும். அது 2,800 கிலோமீற்றர். சின்ன பீனம் 100 க்கு அந்தத் தூரமே எட்டாது.

நல்லூரடியில் இருந்து ஒரு அக்கா: வருடத்துக்கு எவ்வளவு பறந்தால் சொந்தமாக வாங்குவது கட்டும்?

என் கணிப்பில், அக்கா, வருடத்துக்கு 200 மணித்தியாலத்துக்குக் கீழே என்றால் வாங்கவே வேண்டாம். சென்னை 355 கிலோமீற்றர், ஐம்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். கிழமைக்கு ஒருமுறை போய் வந்தாலும் வருடத்துக்கு 100 மணித்தியாலம் வராது.

வாங்கும் விலையைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். விமானம் பறக்காமல் நின்றாலும் போய்க்கொண்டிருக்கும் காசு வேறு இருக்கிறது. இரண்டு விமானிகளின் சம்பளம், அவர்களை ஒவ்வொரு வருடமும் சிமுலேட்டர் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பும் செலவு, காப்புறுதி, ஹாங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய விமானக் கணினியின் வழிகாட்டித் தரவு, நாட்காட்டிப்படி வரும் பரிசோதனைகள். பறந்தால் அதற்கு மேலே எரிபொருள். பீனம் 300 மணிக்கு 600 லீற்றருக்கு மேல் குடிக்கும். பத்து வருடம் பழைய ஜெட்டின் விலை பாதியாகிவிட்டது என்பதற்காக அதன் உதிரிப்பாகம் பாதி விலைக்கு வராது. புதியதற்கு என்ன விலையோ அதுதான்.

இந்த ஓட்டத்துக்கு ஜெட்டே தேவையா என்பதையும் யோசியுங்கள். 355 கிலோமீற்றரில் ஜெட் உயரத்துக்கு ஏறி முடிக்கும்போதே இறங்கத் தொடங்கவேண்டி வரும். கிங் எயர் போன்ற டேர்போபுரொப் (டேர்பைன் எஞ்சின் சுழற்றும் புரொப்பெல்லர் விமானம்) பதினைந்து நிமிடம் பிந்தி வரும், எரிபொருள் நன்றாகக் குறையும், குறுகிய ஓடுபாதையில் மனம் நிம்மதியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் மட்டும் பறக்கப்போகிறவருக்கு நான் டேர்போபுரொப் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூர், டுபாய் என்று மாதா மாதம் போகிறவர் வேறு.

இலண்டனில் இருந்து ஒரு தம்பி: நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாக எட்டுப் பேர் வருகிறோம். லைட் ஜெட் பிடித்து நேரே பலாலியில் இறங்கலாமா?

நேரே முடியாது. இலண்டனில் இருந்து இங்கே 8,500 கிலோமீற்றர். பீனம் 300 முழு எரிபொருளோடு, ஆட்கள் குறைவாக இருந்தால் 3,600 கிலோமீற்றர் சொச்சம் போகும். எட்டுப் பேரும் பெட்டிகளும் என்றால் அதுவும் குறையும். நடைமுறையில் மூன்று இடத்தில் இறங்கி எரிபொருள் போடவேண்டும். விமானிகளுக்குக் கடமை நேர வரம்பு உண்டு, ஆகவே இடையில் ஒரு இராத்தங்கலோ இரண்டாவது சோடி விமானிகளோ வேண்டும். நிமிர்ந்து நிற்க முடியாத கபினில் வயதானவர்களை இருத்தி இந்தப் பயணம் வேண்டாம். கொழும்பின் கட்டுநாயக்கா நிலையத்துக்கோ சென்னைக்கோ சாதாரண விமானத்தில் வாருங்கள். அங்கிருந்து பலாலிக்கு வாடகை விமானம் பிடித்தால் காசுக்குப் பெறுமதி இருக்கும். சென்னையில் இருந்து ஏடிஆர் சேவையும் இருக்கிறது.

சுன்னாகத்தில் இருந்து ஒருவர்: ஐம்பது நிமிடப் பறப்புக்கு ஏன் அவ்வளவு காசு கேட்கிறார்கள்?

அந்த விமானம் யாழ்ப்பாணத்தில் நிற்பதில்லை. உங்களை ஏற்ற வெறுமையாக வரும், உங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். அந்த மணித்தியாலங்களும் உங்கள் கணக்கில்தான். பல நிறுவனங்கள் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கும். இறங்கு கட்டணம், தரைச்சேவை, விமானிகளின் இராத்தங்கல், காத்திருப்பு எல்லாம் தனி. விலை கேட்கும்போதே எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே தொகையை எழுத்தில் வாங்குங்கள். நேர அட்டவணைக்கு வெளியே இறங்கினால் குடிவரவு, சுங்க அதிகாரிகளை நிறுத்திவைப்பதற்கும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டும். பலாலி விமானப்படைத் தளமும்கூட, ஆகவே அனுமதிக்கு நாள் விட்டுக் கேளுங்கள். எரிபொருள் அங்கே கிடைக்குமா, அல்லது திரும்பும் எரிபொருளையும் சேர்த்துக் கொண்டுவரவேண்டுமா என்பதையும் கேளுங்கள். கொண்டுவந்தால் எடை கூடும். முதல் கேள்வியில் சொன்ன இறங்கும் தூரமும் கூடும்.

இன்னொரு விஷயம். இந்தியப் பதிவுள்ள விமானத்தைப் பிடித்து யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற முடியாது. உள்நாட்டு ஓட்டத்தை வெளிநாட்டு விமானங்களுக்கு மறுக்கும் உரிமையை 1944 ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் கொடுத்திருக்கிறது. சென்னை–யாழ்ப்பாணம்–கொழும்பு என்று ஒரே விமானத்தில் திட்டம் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

மானிப்பாயில் இருந்து ஒரு தாதி: நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோக லைட் ஜெட் சரியா?

சரிதான் தங்கச்சி, ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு. சாதாரண ஆசனங்களைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரை வைத்துக் கட்டுவது மருத்துவ விமானம் ஆகாது. அங்கீகரிக்கப்பட்ட ஸ்ட்ரெச்சர் அமைப்பு, ஒட்சிசன், மின்வழங்கல் இருக்கவேண்டும். கதவின் அகலத்தைக் கேளுங்கள். நோயாளியைச் சரிக்காமல் ஏற்ற முடியுமா? பிலாட்டஸ் பிசி-12 என்ற டேர்போபுரொப்புக்குப் பின்பக்கம் பெரிய சரக்குக் கதவு இருக்கிறது, அந்த விஷயத்தில் பல ஜெட்களைவிட அது வசதி.

அப்புறம் கபின் அமுக்கம். உயரத்தில் பறக்கும்போது கபினுக்குள் 8,000 அடி மலையில் இருப்பதுபோன்ற அமுக்கம் வரலாம், உடம்புக்குள் அடைபட்ட வாயு விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்தவர், குடல் அடைப்பு உள்ளவர், கண் சத்திரசிகிச்சையில் வாயுக்குமிழ் வைத்தவர் போன்றோருக்கு இது ஆபத்து. தாழ்வாகப் பறந்தோ கபின் அமுக்கத்தைக் கூட்டியோ கடல்மட்ட அமுக்கத்தை வைத்திருக்கலாம். சென்னை கிட்ட என்பதால் எரிபொருள் பற்றிய கவலை இல்லை. ஆனால் அதை மருத்துவர் முதலே எழுதிக் கேட்கவேண்டும்.

கொக்குவிலில் இருந்து இருவர்: பாவித்த ஜெட்டை வாங்கமுதல் எதை எதைப் பார்ப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், என் தொழிலே இதுதான்.

முதலில் லொக்புக், அதாவது விமானத்தின் பறப்பு, பராமரிப்புப் பதிவேடு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்து இன்றுவரை ஒரு இடைவெளியும் இல்லாமல் இருக்கவேண்டும். இடையில் ஒரு புத்தகம் தொலைந்தது என்றால் விலை பெருமளவு விழும், பிறகு நீங்கள் விற்கும்போதும் அதே கதிதான்.

அடுத்தது எஞ்சின். சிஜே3 இல் இருக்கும் வில்லியம்ஸ் எப்ஜே44-3ஏ எஞ்சினுக்கு 4,000 மணித்தியாலத்தில் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, 2,000 இல் வெப்பப் பகுதிப் பரிசோதனை. 3,800 மணித்தியாலம் ஓடிய விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் அதுவே. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவரும் எஞ்சின் திட்டங்கள் இருக்கின்றன. விமானம் அதில் சேர்ந்திருக்கிறதா, நிலுவை இல்லையா, உங்கள் பெயருக்கு மாற்றுவார்களா என்று அந்த எஞ்சின் நிறுவனத்திடமே கடிதம் வாங்குங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

பரிசோதனையை விற்பவர் வழக்கமாகக் கொடுக்கும் பராமரிப்பு நிலையத்தில் செய்யவேண்டாம். அந்த மொடலில் பழக்கமுள்ள வேறு இடத்தில் செய்யுங்கள். போரஸ்கோப்பை (நுனியில் கமரா உள்ள மெல்லிய குழாயை) எஞ்சினுக்குள்ளே விட்டு டேர்பைன் தகடுகளின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பூச்சு கருகி உரிந்திருக்கிறதா, சிறு வெடிப்பு இருக்கிறதா என்று படத்தில் தெளிவாகத் தெரியும். பிறகு கழிவறையும் சிற்றுண்டி மேடையும் இருக்கும் இடத்தில் தரைப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். வருடக்கணக்காகச் சிந்திய தேநீரும் கழிவறைத் திரவமும் அங்கேதான் இறங்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, பெயின்ற் கொப்புளம், ஆணித்தலையைச் சுற்றிக் கருமை கண்டால் அரிப்பு தொடங்கிவிட்டது. பளபளக்கும் தோல் ஆசனத்தைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள். கடலோரத்தில் வெளியே நின்ற விமானம் என்றால் இரண்டு மடங்கு கவனம். நீங்கள் வாங்கிப் பலாலியில் நிறுத்தினாலும் உப்புக்காற்று சும்மா விடாது, ஆகவே ஹாங்கரும் கழுவலும் கட்டாயச் செலவு.

காசு எப்போதும் எஸ்க்ரோ கணக்கில்தான், அதாவது விற்பனை முடியும்வரை நடுநிலையான மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் கணக்கில்தான் போகவேண்டும். விற்பவரின் கையிலோ தரகரின் கையிலோ முற்பணம் கொடுக்காதீர்கள். பரிசோதனையில் பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறை வந்தால் விற்பவர் திருத்தவேண்டும், இல்லாவிட்டால் முற்பணம் முழுதும் திரும்பவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். விமானத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் தேடிப்பாருங்கள்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் காலத்தில் டகோட்டா விமானம் ஓடியது. தம்பிக்குத் தெரியுமா?

தெரியும் ஐயா. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் சேவையே இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். நாட்டின் விமான நிறுவனத்தின் முதல் சேவை நம்முடைய ஊரைத் தொட்டுக்கொண்டு போனது என்பதை இந்தத் தலைமுறைக்கும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஒரு விடுதி உரிமையாளர்: தரகர் உண்மையானவரா என்று எப்படி அறிவது?

பறக்கப்போகும் விமானத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை இயக்கும் நிறுவனத்தின் ஏஓசி சான்றிதழில் (காசுக்கு ஆள் ஏற்ற விமானத்துறை அதிகாரசபை கொடுக்கும் அனுமதி) அதே எண் இருக்கவேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பயணிகள் என்று இருக்கவேண்டும். சொந்தப் பாவனைக்கு மட்டும் பதிந்த விமானத்தில் காசுக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்தபின் காப்புறுதி கைவிரிக்கலாம். பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கும் தரகரை அத்தோடு விட்டுவிடுங்கள்.

அரியாலையில் இருந்து ஒருவர்: டிசம்பர்த் தொடக்கத்தில் மகளின் கலியாணம். சென்னையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேருக்கு லைட் ஜெட் பேசலாமா?

வாழ்த்துக்கள். பேசலாம், ஆனால் அது வடகீழ்ப் பருவமழைக் காலம். ஈர ஓடுபாதைக் கணக்கில் 730 மீற்றருக்குள் நிற்கும் மொடலா என்று எழுத்தில் கேளுங்கள். கலியாணத்துக்கு முதல் நாளே, காலையில் வரச் சொல்லுங்கள். பலாலியில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் எது என்றும் கேளுங்கள். சென்னைக்கே திரும்பினால் அன்று ஆட்கள் வரமாட்டார்கள். கட்டுநாயக்கா என்றால் அங்கே ஒரு வான் தயாராக நிற்கட்டும்; ஏ9 வழியாக இரவுக்குள் வந்து சேர்ந்துவிடலாம்.