ஹைட்ராக்சிகார்பமைடு புது மருந்து இல்லை, தம்பி

பாபநாசத்திலிருந்து பர்மிங்ஹாம் வந்து ஒரு மாதம் ஆன தம்பி கேட்டிருப்பது இது: பாலிசைத்தீமியா வேரா, அதாவது சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகும் நோய் இருக்கிறது. ஊரில் தினம் ஹைட்ராக்சியூரியா 500 மில்லிகிராம் இரண்டு, ஆஸ்பிரின் 75 ஒன்று. இங்கே ஜி.பி. (குடும்ப மருத்துவர்) ஏதோ வேறு மருந்தின் பெயர் சொல்கிறார். குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது, வாயில் புண். மாத்திரையை ஊரிலிருந்தே வரவழைத்துக்கொள்ளலாமா? தீபாவளிக்கு ஊர் போகலாமா?

முதலில் பெயர்க் குழப்பம். ஹைட்ராக்சிகார்பமைடும் ஹைட்ராக்சியூரியாவும் ஒரே மருந்துதான். புதுசு என்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாதீங்க.

வரவழைக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் இந்த மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். பரிசோதனை ஓரிடம், மாத்திரை ஓரிடம் என்றால் வெள்ளணு இறங்கியதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜி.பி. பொதுவாக இதைத் தாமாகத் தொடங்கித் தர மாட்டார், ஹீமட்டாலஜிக்கு, அதாவது ரத்தநோய்ப் பிரிவுக்கு எழுதி அனுப்புவார். அந்தத் தேதி வரும்வரை கையில் இருப்பதைத் தொடருங்கள். தீரப்போகிறது என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள்.

ஊர் ரிப்போர்ட்டைக் காட்டும்போது எண்களை மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். ஹீமோகுளோபின் அங்கே 15.5 என்றால் இங்கே 155. பிளேட்லெட் 4.5 லட்சம் இங்கே 450. வெள்ளணு 6,000 இங்கே 6.0. பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 45 சதவீதம் இங்கே 0.45, உங்களுக்கு அது அதற்குக் கீழேயே இருக்க வேண்டும், ஏறினால் குறைப்பதற்காக ரத்தத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்துவிடுவார்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 100ஐத் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம், இந்த மருந்து சிவப்பணுவைப் பெரிதாக்கும்.

பணம்: இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் உண்டு. உங்கள் நோய் ரத்தப் புற்றுநோய் வகையில் சேர்வதால் விலக்கு கிடைக்கும். ஜி.பி.யிடம் எஃப்.பி. 92ஏ படிவம் கேளுங்கள், சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். புற்றுநோய் என்ற வார்த்தையைப் பார்த்து வீட்டில் அழுவார்கள், ஆனால் வேலையிடத்திலும் அதுதான் கைகொடுக்கும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி புற்றுநோய் கண்டறிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.

அரிப்பு ஒவ்வாமை இல்லை, சோப்பை மாற்றிப் பயனில்லை. இந்த நோயில் தோலில் தண்ணீர் பட்டாலே கிளம்பும், சூடான தண்ணீர் என்றால் அதிகம். வெதுவெதுப்பில் சீக்கிரம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். தீபாவளி விடியற்காலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும் அத்தைக்கு இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது.

வாய்ப்புண் மருந்தாலும் வரும், வெள்ளணு குறைந்தாலும் வரும். அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். அதுவரை உப்புநீர்க் கொப்பளிப்பு, மெத்தென்ற பிரஷ், ஊறுகாய்க்கு விடுமுறை. குமட்டினால் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவில் போடலாமா என்று கேளுங்கள். ஒருவேளை மறந்தால் மறுநாள் சேர்த்துப் போடாதீங்க. கேப்சூலைப் பிரிக்கக் கூடாது. கர்ப்பிணி யாரும் அதைத் தொடவும் கூடாது. குழந்தைக்குத் திட்டமிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்கும் மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும், மாற்றாக இன்டர்ஃபெரான் ஊசி இருக்கிறது.

இனி ஊர்ப்பயணம். போகலாம், ஆனால் ஐப்பசி மழைக்காலம் என்பதை மறக்காதீங்க.

காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 தொட்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், பி.சி.வி. ஏறும், அதை வைத்துத்தான் நோயின் போக்கைக் கணிப்பார்கள். உங்கள் இரண்டு எண்களும் சாதாரண ஆளுடையவை இல்லை. வழக்கமாக 5 லட்சம் இருப்பவருக்கு 1.5 லட்சம் என்பது பெரிய சரிவு, ஆனால் ரிப்போர்ட்டில் அது நார்மல் என்றே அச்சாகும். பி.சி.வி. 44 உங்களுக்கு எப்போதும் இருப்பதா, ஏறியதா என்று புது மருத்துவருக்குத் தெரியாது. கடைசி மூன்று ரிப்போர்ட்டை பர்ஸில் வையுங்கள். ஆஸ்பிரின், ஹைட்ராக்சியூரியா போடுவதை வாயைத் திறந்ததுமே சொல்லுங்கள். டெங்கு சந்தேகம் என்றால் ரத்தக்கசிவு பயத்தால் ஆஸ்பிரினை நிறுத்துவதா என்று அவர் உடனே முடிவெடுக்க வேண்டும். மெடிக்கலில் கேட்டால் காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் சேர்த்து டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை தருவார்கள். வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

அடுத்தது கால். இந்த மருந்தில் கணுக்கால் பக்கம் புண் வந்தால் எளிதில் ஆறாது. பல சமயம் மருந்தை நிறுத்தினால்தான் மூடும். சம்பா நடவுச் சேற்றிலும் மயிலாடுதுறைக் காவிரியின் துலாக்கட்டத்துப் பாசிப் படியிலும் வெறுங்காலோடு இறங்காதீங்க, ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்குக்கு ஆசையிருந்தால் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்கள் யானைக்கால் என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பழக்கம். உங்களுக்கு அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். முகம் கோணினாலோ நெஞ்சு வலித்தாலோ இங்கே 999, அங்கே 108.

"ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்காங்களே, சத்து வேணாமா" என்று இரும்பு மாத்திரையோ அன்னபேதிச் செந்தூரமோ தருவார்கள். அன்னபேதி என்பதே இரும்புதான். இரும்பு குறைந்திருப்பதால்தான் உங்கள் உடம்பு சிவப்பணுவை அடக்கிவைத்திருக்கிறது. சத்து கொடுத்தால் பி.சி.வி. எகிறும். முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடலாம், தடையில்லை.

மாத்திரையைப் பெட்டியோடு கைப்பையில் வையுங்கள், மருத்துவர் கடிதமும் கூட. விமானத்தில் தண்ணீர் குடித்து, மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். டிக்கெட் போடுமுன், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் ஒன்றும் திரும்பிய வாரத்தில் ஒன்றுமாக இரண்டு ரத்தப் பரிசோதனைத் தேதி வாங்கிவிடுங்கள்.